போய்க் கூப்பிட்டால் வந்துவிடுவார்

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு, நின்னுட்டேன் மண்டோர் கடைசி முறையாக வேலையை விட்டார். அவரைப் போல அத்தனை முறை வேலையை விட்ட மனிதர் கேமரன் மலையில் இன்னொருவர் இல்லை. அவரைப் போல ஒரே வேலையில் அத்தனை காலம் நீடித்தவரும் இல்லை. இவ்விரண்டும் ஒருவரிடமே எப்படிச் சேர்ந்திருக்க முடியும் என்று வியப்பவர்கள் தேயிலைத் தோட்டத்தில் பிறக்காதவர்களாக இருக்க வேண்டும்.

அவருடைய அடையாள அட்டையில் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். தோட்டத்தில் அதை அறிந்தவர் எவருமில்லை. மண்டோர் என்ற மேற்பார்வையாளர் பதவியையும் அவருக்கு எவரும் கொடுக்கவில்லை. அவர் ஆட்களையும் கொழுந்தையும் ஏற்றிச் செல்லும் லோரியின் ஓட்டுநர். ஏறியவர்களையெல்லாம் அதட்டிக்கொண்டே ஓட்டியதால் அந்தப் பதவி தானாக அவரை வந்தடைந்தது. 'நின்னுட்டேன்' என்பது அவர் அடிக்கடி வெளியிட்ட அறிவிப்பு. லோரிச் சாவியை அலுவலக மேசைமீது ஓங்கி வைத்து, "நாளையிலேர்ந்து நான் வரல. வேல நின்னுட்டேன்லா!" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடப்பார். லோரி நின்ற இடத்திலேயே நிற்கும்.

அதற்குப் பிறகு நடக்கவேண்டியதைத் தோட்டம் முழுவதும் அறிந்திருந்தது. யாராவது போய் அவரைக் கூப்பிட வேண்டும். யார் போக வேண்டும் என்பது அவமானத்தின் அளவைப் பொறுத்தது. சிறிய மனத்தாங்கலுக்குக் காவலாளி வாசலில் நின்று குரல் கொடுத்தால் போதும். நடுத்தர மனத்தாங்கலுக்குக் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர், வாசற்படி ஏற வேண்டும். ஆட்களின் முன்னிலையில் ஏதாவது சொல்லப்பட்டிருந்தால் தோட்ட நிர்வாகியான துரையே வந்து, உள்ளே நாற்காலியில் அமர்ந்து, தேநீர் குடித்தாக வேண்டும். துரைக்கென்றே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அந்த வீட்டில் இருந்தது. "சண்டைக்குப் பொறப்படறதுக்கு முன்னாடியே சேரத் தொடச்சு வச்சிட்டுத்தான் போறாரு இந்த மனுசன்" என்று அவர் மனைவி அஞ்சலை அக்கா தண்ணீர்க் குழாயடியில் சொல்லிச் சிரிப்பார்.

என் அப்பா அங்கே கிராணியாக இருந்தவர். எனவே நடுத்தர மனத்தாங்கல்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு, மண்டோர் குடியிருந்த தொழிலாளர் வரிசை வீடுகளான மேட்டு லயத்துக்கு ஏறுவார். துரை ஏறும் நாளோ எங்களுக்குத் திருவிழா. ஒருமுறை துரை, ஆட்களின் எதிரில், "லோரியா இது, பன்றிக்கூண்டா?" என்று கேட்டுவிட்டார். அன்று மாலை நல்ல மழை. துரை குடையோடு ஏறினார்; பிள்ளைகள் நாங்கள் குடையில்லாமல் பின்னால் ஏறினோம். கதவு உடனே திறக்கவில்லை. உள்ளிருந்து இருமல் சத்தம் மட்டும் வந்தது.

"யாரு?"

"நான்தான் மண்டோர்."

"நான்னா யாரு? பேரு இல்லையா?"

மலையையே ஆண்ட மனிதர் மழையில் நின்று தம் பெயரைச் சொன்னார். பிறகு உள்ளே போய் அமர்ந்தார். சண்டையைப் பற்றி ஒரு சொல்லும் எழவில்லை, அது முறையில்லை. மழையைப் பற்றிப் பேசினார்கள், துரையின் பல்வலியைப் பற்றிப் பேசினார்கள். எழும்போது துரை, "லோரியில என்னமோ சத்தம் வருது. காலையில என்னன்னு பாரு" என்றார். மன்னிப்பு அவ்வளவுதான். அந்த வாக்கியத்துக்காகத்தான் அத்தனையும். மறுநாள் விடியலில் மண்டோர் லோரியின்மேல் நின்று, பன்றிக்கூண்டு என்ற சொல்லைத் தாமே பயன்படுத்தி ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தார்.

காலம் ஆட்களை மாற்றியது. தமிழர்கள் ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் இறங்கிப் போனார்கள். அப்பா ஓய்வுபெற்று எங்களையும் ஈப்போவுக்கு அழைத்துப் போனார். லோரியில் வங்காளதேசத்தவரும் நேப்பாளத்தவரும் ஏறினார்கள். மண்டோர் மொழியை மாற்றவில்லை. தமிழிலேயே அதட்டினார்; அவர்கள் தமிழிலேயே பணிந்தார்கள். அவருடைய அறிவிப்பை அவர்கள் ஒரு வணக்கச் சொல்லாகவே எடுத்துக்கொண்டார்கள். மாலையில் வேலை முடிந்து லோரியிலிருந்து குதிக்கும் ஒவ்வொருவரும் கைகூப்பி, "நின்னுட்டேன் பாய்!" என்று மலர்ந்த முகத்தோடு விடைபெறுவார்கள்.

சென்ற ஆண்டு பல்கலைக்கழக விடுமுறையில் அதே அலுவலகத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். நான் வளர்ந்த வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. ஊழியர் குடியிருப்பில் ஓர் அறை தந்தார்கள். என் வயதில் தமிழ் பேச அங்கே எவருமில்லை. அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரருக்கு ஏதேனும் சொல்ல வேண்டுமானால் வாட்ஸ்அப்பில் அனுப்புவதே வழக்கமாகியிருந்தது. மேசைக்கு மேசை ஒலிக்கும் சிறுமணி ஓசையைத் தவிர அங்கே பேச்சுக்குரல் கிடையாது. நான் இயல்பாகவே குறைவாகப் பேசுபவள். ஆயினும், பேச வேண்டாமென்று நாமே இருப்பது வேறு, பேச ஆளில்லாமல் இருப்பது வேறு என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

மண்டோர் என்னைக் கண்டதும், "கிராணி மவ தானே? ஏன் பாப்பா இப்புடி எளச்சுப் போயிட்ட? படிப்பு சோறு போடலையா?" என்று அலுவலகம் அதிரக் கேட்டார். மூன்று பேர் கைப்பேசியிலிருந்து தலைநிமிர்ந்தார்கள். அந்த வாரத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. அஞ்சலை அக்கா இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் ஜொகூரில் இருந்தான். மேட்டு லயத்தில் அவர் ஒருவர் மட்டும் எஞ்சியிருந்தார்.

நிர்வாகமும் மாறியிருந்தது. துரை என்று எவருமில்லை. கோலாலம்பூரில் ஒரு தலைமையகம் இருந்தது. இங்கே மனிதவள அதிகாரியாக மிஸ் ரேணுகா வந்திருந்தார். இளையவர், சுறுசுறுப்பானவர், எல்லோருடைய பிறந்தநாளையும் நினைவில் வைத்திருப்பவர். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. லோரிகளில் கண்காணிப்புக் கருவி பொருத்தினார். அது ஓட்டுநருக்கு மதிப்பெண் போட்டது. மதிப்பெண் வாட்ஸ்அப் குழுவில் வெளியானது. மண்டோர் கடைசி. மலைப்பாதையில் முனீஸ்வரர் கோயில் வளைவு ஒன்றுண்டு. அங்கே நிறுத்தி, மூன்றுமுறை ஹாரன் அடித்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அவர் கடப்பார். கருவிக்கு முனீஸ்வரர் தெரியாது. 'அனுமதியற்ற நிறுத்தம், தேவையற்ற ஒலி' என்று ஒவ்வொரு நாளும் பதிவாகியிருந்தது. அவர் பெயரை அடுத்துச் சிவந்த முகம் ஒன்று அழுதது.

அந்த வியாழக்கிழமை அவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"யாரு மிஸ் இது? இந்த அழுவுற மூஞ்சி யாரு? நானா?"

"அது வெறும் இமோஜி, அங்கிள். எல்லாருக்கும் மோட்டிவேஷனுக்காக..."

"முனியாண்டிக்கி நிப்பாட்டாம போயி லோரி பள்ளத்துல எறங்குச்சுன்னா, ஒங்க மிசினு வந்து தூக்குமா?"

"அங்கிள், ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

சாவி மேசைமேல் விழுந்தது. அறிவிப்பு வெளியானது. எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சிகூட உண்டானது. பிள்ளைப் பருவத்துத் திருவிழா மீண்டும் வருவதைப் போல. மிஸ் ரேணுகா மட்டும் வருத்தத்தோடு கணினியின் பக்கம் திரும்பி, அவருடைய விலகலைத் தலைமையகத்துக்குத் தெரிவித்தார். தலைமையகம் உடனே ஒப்புதல் தந்தது. அவர் வேலையை விட்டது கோலாலம்பூருக்குத் தெரிந்தபோது, அவர் இன்னும் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

நான் எழுந்து மிஸ் ரேணுகாவின் மேசைக்குப் போனேன். வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடிய செய்தியாக அது எனக்குத் தோன்றவில்லை.

"மிஸ், அவர் நெசமா நிக்கல. போய்க் கூப்பிட்டா வந்துருவாரு. எப்பவும் அப்படித்தான்."

"மூணு பேர் முன்னாடி சொன்னாரேம்மா. வயசானவர் ஒரு முடிவு எடுத்தா, அதை நாம மதிக்கணும். போய்க் கெஞ்சினா அவரைச் சின்னப் பிள்ளையா நடத்துற மாதிரி ஆயிடாதா?"

"கெஞ்ச வேணாம் மிஸ். நீங்க வீட்டுக்குப் போனாப் போதும். நீங்களே போகணும்."

"அது கண்டிப்பா! நானே அதைத்தான் நெனச்சேன். நாளைக்கு சாயங்காலம் போலாம். நீயும் வா."

வெள்ளிக்கிழமை முழுவதும் நான் நம்பிக்கையோடிருந்தேன். மிஸ் ரேணுகா அந்த நாற்காலியில் அமர்ந்துவிட்டால் மிச்சத்தை நாற்காலியே பார்த்துக்கொள்ளும் என்று எண்ணினேன். மாலையில் காரின் பின்னிருக்கையைப் பார்த்தேன். செலோபேன் தாளில் சுற்றிய பெரிய பரிசுக்கூடை ஒன்று இருந்தது. அதற்குள் 'தெரிமா காசே' என்று மலாயில் நன்றி எழுதிய குவளை. அதைச் சுற்றி எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பொட்டலங்கள். தம் வாழ்நாளெல்லாம் அவர் லோரியில் ஏற்றி இறக்கியதை அழகாகக் கட்டி அவருக்கே கொடுக்கப்போகிறோம் என்று புரிந்தது.

மேட்டு லயத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. கூடையை மிஸ் ரேணுகா இப்போதைக்குக் காரிலேயே விட்டார். முடிவில் தந்து வியப்பூட்டுவது அவர் திட்டம். கதவின் பின்னால் இருமல் கேட்டது.

"யாரு?"

"ரேணுகா, அங்கிள்!"

பெயரைக் கேட்காமலே சொல்லிவிட்டார் என்பதில் மண்டோருக்குச் சிறிது ஏமாற்றம் இருந்திருக்கலாம். இருப்பினும் கதவு திறந்தது. வெளுத்த சட்டை அணிந்திருந்தார். நாற்காலி துடைக்கப்பட்டிருந்தது. அதைச் சுவரோரத்திலிருந்து நடுவே இழுத்துப் போட்டார். என்னைப் பார்த்து, "கிராணி மவளும் வந்துருக்கா. அப்ப இது பெரிய கேசுதான்" என்று கண்ணைச் சிமிட்டினார். தேநீர் போட்டார். மிஸ் ரேணுகா பருகி, "இவ்வளவு நல்ல டீ ஆபீஸ்ல கூட இல்ல" என்றார். மழையைப் பற்றிப் பேசினார்கள். கம்போங் ராஜா சாலையில் காய்கறி லோரிகளின் நெரிசலைப் பற்றிப் பேசினார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. இரண்டு பேரும் மிகுந்த மரியாதையோடு, முற்றிலும் வேறான இரண்டு சடங்குகளைச் செய்துகொண்டிருந்தார்கள்.

மிஸ் ரேணுகா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். மண்டோர் நிமிர்ந்து அமர்ந்தார். அந்த வாக்கியம் வரவேண்டிய இடம் அதுதான். அது வரவில்லை. என் வாழ்வில் பெரியவர்களின் பேச்சில் நான் குறுக்கிட்டது அந்த ஒரே முறைதான்.

"மிஸ், லோரியில என்னமோ சத்தம் வருதுன்னு சொன்னீங்களே..."

மண்டோரின் முகம் விளக்கேற்றியது போலானது.

"ஆமாம்மா, நல்ல வேளை ஞாபகப்படுத்தின!" என்றார் மிஸ் ரேணுகா. "அதனாலதான் அங்கிள், புது லோரி வருது. டிரைவரும் கெடச்சிட்டாரு, கோலா தெர்லாக்காரர். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. இனிமே நல்லா ரெஸ்ட் எடுங்க."

அவர் காருக்கு ஓடிப்போய்க் கூடையைக் கொண்டுவந்தார். மண்டோர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். செலோபேன் தாளின் வழியே அந்தப் பொட்டலங்களைச் சற்று நேரம் பார்த்தார்.

"புது லோரின்னா கிளட்ச்சு கொஞ்சம் இறுக்கமா இருக்கும்" என்றார். "அந்தத் தம்பிக்கிட்ட சொல்லுங்க மிஸ். எறக்கத்துல ரெண்டாவது கியரவிட்டு மேல போக வேணாம். பயலுவ பின்னாடி நின்னுக்கிட்டுத்தான் வருவானுங்க."

"கண்டிப்பா சொல்றேன், அங்கிள்."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். யாரையும் அதட்டவில்லை.

இறங்கும் வழியில் மிஸ் ரேணுகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: நாற்காலி, பல்வலி, அந்த வாக்கியம். அவர் காரை ஓரமாக நிறுத்தி, வெகுநேரம் கண்ணாடியின் பனியைக் கையால் துடைத்தார். "கேட்டுப் பாக்கறேன்" என்றார். கேட்டும் பார்த்தார். வயது வரம்பு கடந்தவரைத் திரும்ப எடுக்க இயலாது என்று தலைமையகம் பதில் அனுப்பியது. அந்தப் பதிலும் உடனே வந்தது.

அன்றிரவு, அறையில், தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது, மேட்டு லயத்திலும் ஒருவர் இவ்வாறே ஒரு தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. அவரை வேலைக்குக் கூப்பிடும் அதிகாரம் எனக்கு இல்லை. நான் தற்காலிக ஊழியர். காவலாளியைவிடக் கீழே. சிறிய மனத்தாங்கலுக்குக்கூட என் பதவி போதாது.

மறுநாள் காலை, சனிக்கிழமை, அலுவலகம் இல்லை. தலைவாரி, நல்ல உடையாக ஒன்றை உடுத்திக்கொண்டு மேட்டு லயத்துக்கு ஏறினேன். வாசலில் நின்று, அதுவரை யாரையும் அழைத்திராத அளவுக்கு உரத்த குரலில், "மண்டோர்! கம்போங் ராஜாவுக்குப் பசியாறப் போறேன், தனியாப் போகப் பிடிக்கல. வாங்க!" என்று கூப்பிட்டேன். கதவு உடனே திறக்கவில்லை. அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் நிற்பது என்று முடிவுசெய்து, பனியில் நின்றேன்.