பெயிண்ட் வாடையில் ஓர் ஒப்பாரி

கூச்சம் பிடித்தவர்கள் வீட்டில் ஜன்னல் வைக்கவே கூடாது. வைத்தால் மூடத்தான் தோன்றும். நான் மூடினேன். அதனால், உயிரோடு இருக்கும் என் வீட்டுக்காரருக்கு ஒப்பாரி வைத்தவள் என்று பெயர் வாங்கினேன்.

என் கடைசி மகள் செல்விக்கு வந்த வரன்கள் எல்லாம் ஏதேதோ சொல்லித் தட்டிப்போயின. அலைந்து அலைந்து நாங்கள் ஓய்ந்துவிட்டோம். கடைசியாகத் திருவரங்குளத்திலிருந்து பெண் பார்க்க வருகிறோம் என்றார்கள். இதுவும் போனால் இனி எனக்குத் தெம்பில்லை. வீடாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று முந்தின நாள் சுவருக்கும் கதவுக்கும் பெயிண்ட் அடித்தோம்.

"ஏம்மா, ஜன்னலத் தொறந்து வையி. வாடை போகட்டும்" என்றாள் செல்வி.

"தொறந்தா ரோட்டுல போறவங்க எல்லாம் எட்டிப் பாப்பாங்க. வேணாம்."

மிச்சப் பெயிண்டு, தின்னர் டின் எல்லாம் கட்டிலுக்கு அடியில். (வெளியே வைத்தால் அதையும் பார்ப்பார்களே.) விடிந்தும் வாடை போகவில்லை. மறைப்பதற்காக ஃபினாயில் ஊற்றித் துடைத்தேன். அதற்கு மேல் ஊதுபத்தி. அதற்கும் மேல், மகன் வாங்கி வைத்திருந்த சென்ட் ஸ்ப்ரே. எதுவும் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் ஒன்றாகக் கூடி உட்கார்ந்துகொண்டது.

வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தாமதம், கண்ணில் தண்ணீர். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் துடைத்தார். மாப்பிள்ளை கைக்குட்டையால் துடைத்தார். (பையனுக்கு இளகின மனசு என்று நினைத்துக்கொண்டேன்.) வந்த இடத்தில் வாடையைச் சொல்ல அவர்களுக்குச் சங்கடம். வெளியே உட்காரலாம் என்று சொல்ல எனக்குக் கூச்சம். எல்லோரும் மரியாதையாக அழுதுகொண்டிருந்தோம்.

வீட்டுக்காரர் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து ஆலங்குடி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார் அவருடைய அக்கா, என் மதினி. ஊதுபத்திப் புகை. ஆளாளுக்குக் கண்ணைத் துடைக்கிறோம். போன மாதம் நெஞ்சுவலியில் படுத்து எழுந்த தம்பியைக் காணோம். பையைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார்.

"என்னப் பெத்த ராசா, என்னையத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டியே..."

கட்டிக்கொண்டு அழுகிறவரோடு சேர்ந்து அழாமல் இருப்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவும் வாய் வரவில்லை. மதினி வீட்டில்தான் யாரோ போய்விட்டார்கள் என்று நானும் குரலெடுத்து அழுதேன்.

வாசலில் பால் பாக்கெட்டோடு வந்து நின்றார் வீட்டுக்காரர்.

"யாரு போனது அக்கா?"

மதினி நிமிர்ந்து பார்த்தார். "நீதான்டா" என்றார்.

அடுப்படியிலிருந்து வந்த செல்வி யாரையும் கேட்கவில்லை. ஜன்னல்களைப் படபடவென்று திறந்தாள். "அத்தை, எந்திரிச்சு வெளிய வாங்க. இந்தப் பெயிண்டு வாடையில இருந்தா தலவலிதான் வரும்" என்று மாப்பிள்ளையின் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வேப்பமரத்தடியில் உட்காரவைத்தாள். அழுகைச் சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. யார் பார்த்துவிடக் கூடாது என்று மூடினேனோ, அத்தனை பேரும் பார்த்தார்கள். எனக்குக் கதவுக்குப் பின்னால் ஒளியலாம் போலிருந்தது. (ஒளிந்தால் பெயிண்ட் ஒட்டும்.)

மாப்பிள்ளையின் அம்மா முகம் கழுவி, மூச்சை நன்றாக இழுத்துவிட்டார்.

"புள்ளதான் அத்தைன்னு கூப்புட்டுருச்சே. இதுக்கு மேல என்னத்தப் பாக்குறது?"

டின்கள் அன்றைக்கே வீட்டை விட்டுப் போயின. ஸ்ப்ரேயும் போயிற்று. ஜன்னல்களை நான் மூடுவதில்லை. மருமகன் வந்தால் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பார், பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். வீட்டுக்காரரோ, எதற்கெடுத்தாலும் "நான் இருக்கயிலயே அழுது முடிச்சவதானே நீ" என்கிறார்.

நாளைக்கு எனக்கு நிஜமாகவே அழுகை வந்தாலும் இந்த வீட்டில் ஒருவரும் பதற மாட்டார்கள். "மொதல்ல அந்த ஜன்னலத் தொறங்க" என்பார்கள்.