ஒன்பது வியாழனும் ஒரு போர்க்கப்பலும்

மைக்கேல்ராஜுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது.

"ஐரினு, இந்த வாரத்திலேருந்து ஒன்பது வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயிலுக்கு நவநாள் போகப் போறேன். சாயங்காலம் ஆறுலேருந்து ஏழு. தனியாத்தான் போகணும்."

ஐரின் கையில் கரண்டி அப்படியே நின்றது. கல்யாணமாகி நாலு வருஷம். அதில் அவன் கோயிலுக்குள் முழுப் பூசையும் நின்றது கல்யாணத்தன்று மட்டும்தான். அன்றைக்கு மாப்பிள்ளை இல்லாமல் முடியாதே என்று நின்றான்.

"என்ன வேண்டுதலுங்க?" என்றாள். அவள் குரல் எப்போதும் அவ்வளவுதான். அடுப்பில் குக்கர் இருந்தால் அவள் பேசுவது கேட்காது. ஆட்டோக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்க வெட்கப்பட்டு இறங்கி வந்துவிடுகிற பெண்.

மைக்கேல்ராஜ் இந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான்.

"உனக்காகத்தான். நீ ஒருத்தியா எவ்ளோ கஷ்டப்படறே! உன் வேலைச் சுமை குறையணும்னு வேண்டிக்கப் போறேன்."

சொல்லி முடித்ததும் அவனுக்கே கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அழகான பொய்யை அவன் அதுவரை சொன்னதில்லை.

உண்மை அவன் சட்டைப்பையில் இருந்தது. போனில் ஒரு கடல் சண்டை விளையாட்டு. முழுக்க இலவசம்.

மைக்கேல்ராஜ் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு, "இன்னும் ஆகலையா?" என்று மேல்மாடிக்காரரிடமும் கீழ்மாடிக்காரரிடமும் திட்டு வாங்குகிறவன். கடலை அவன் பார்த்ததே வேளாங்கண்ணியில்தான், அதுவும் முழங்கால் நனைகிற அளவு. ஆனால் போனைத் திறந்தால், 'வருக, கேப்டன்!' என்று ஒரு சல்யூட். அவன் விரல் போகிற பக்கம் பீரங்கி திரும்பும். பிரேசில்காரன் ஒருத்தனை மூழ்கடித்திருக்கிறான். ஜப்பான்காரன் ஒருத்தன் அவனைக் கண்டு தீவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான். வீட்டில் ரெண்டு வயசு ஆஞ்சலாகூட அவன் சொன்னதைக் கேட்டதில்லை.

இலவசம்தான். ஆனால் அடிபட்ட கப்பல் ரிப்பேராகி வர நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும். குண்டு தீர்ந்தால் ஒரு சோப்பு விளம்பரம் பார்க்க வேண்டும். சோப்பு, எண்ணெய், மறுபடியும் சோப்பு என்று கண் எரியப் பார்த்து மூணு குண்டு சேர்த்துக்கொண்டு போனால், காசு கொடுத்துக் கப்பல் வாங்கிய எவனோ ஒருத்தன் ஒரே அடியில் முடித்துவிடுவான். அப்படி அடிக்கிறவன் எல்லாரிடமும் 'கருஞ்சுறா' என்ற கப்பல் இருந்தது. விலை ஐயாயிரம் ரூபாய். அல்லது ஒன்பது வியாழக்கிழமை, ஆறிலிருந்து ஏழு வரை, ஒரு வாரம்கூட விடாமல் போரில் நின்றால் சும்மாவே கிடைக்கும். ஒரு வாரம் தவறினாலும் முதலிலிருந்து.

அதே வியாழன் ஆறு மணிக்குத்தான் அவர்கள் தெருவில் காவேரித் தண்ணி வரும். நல்லிக் குழாய் கீழே, வீடு ரெண்டாவது மாடி. வாரத்துக்கு இருபத்திரண்டு குடம். அதுவரை ஆளுக்குப் பதினொன்று. ஐரினின் சுமை குறைய அவன் வேண்டப் போன நாளிலிருந்து இருபத்திரண்டும் அவள் இடுப்புக்கே வந்தது. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன் வீட்டில், தண்ணி மட்டும் படியேறித்தான் வந்தது.

கீழ்வீட்டு மௌரீன் அக்கா கோயில் வாசலில் மெழுகுவர்த்திக் கடை போட்டிருந்தாள். கடைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல். பக்கத்தில் போனுக்குச் சார்ஜ் போட ஒரு பிளக். போர்முனை தயார்.

"அக்கா, ஐரின்கிட்ட சொல்லிடாதீங்க."

"நான் ஏன்டா சொல்றேன்? சும்மா உக்காரு. ஆனா குண்டு போடறப்ப 'சாவுடா'ன்னு கத்தாதே. செபம் பண்ண வர்றவங்க பயந்து ஓடறாங்க."

வீடு திரும்பினால் ஐரின் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பாள்.

"ஃபாதர் பிரசங்கத்துல என்னங்க சொன்னாரு?"

"அன்பு."

அடுத்த வாரம், "மன்னிப்பு." அதற்கடுத்த வாரம், "அன்பும் மன்னிப்பும்." அஞ்சாவது வாரம் சரக்கு தீர்ந்துவிட்டது.

"பேதுரு கடல் மேல நடந்தாரே, அது."

"மூழ்கிட்டாரா?"

"பாதிதான். ரிப்பேருக்கு நாலு மணி நேரம்..." நாக்கைக் கடித்துக்கொண்டான். "இயேசு உடனே கை குடுத்துட்டாரு."

ஐரின் தலையைக் குனிந்துகொண்டு குழந்தைக்குச் சோறு பிசைந்தாள்.

எட்டு வியாழன் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் அவன் குண்டுக்காகச் சோப்பு விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஐரின் நோட்டுத்தாளோடு வந்து நின்றாள்.

"ஏங்க, ஒன்பது வாரம் முடியறப்ப நன்றிக் கடிதம் எழுதிப் போடணுமாம். நவநாள்ல ஃபாதர் படிப்பாராம்."

"போடு, போடு."

"நான் அஞ்சாவதோட நின்னவ. 'ஒப்புக்கொள்கிறேன்'னு எப்படிங்க எழுதறது?"

அப்போதுதான் திரையில் ஏதோ புது நிபந்தனை வந்து நின்றது. "இதோ, இந்தப் பட்டன்ல இருக்கு பாரு. பாத்து எழுதிக்கோ." அவள் எழுதிக்கொண்டதும் பட்டனை அமுக்கினான்.

"நீங்களும் கையெழுத்துப் போடணும். படிச்சுப் பாருங்க."

"இவன் நாப்பது பக்கம் நிபந்தனை அனுப்பறான். அதையே நான் படிக்கலை. உன் அரைப் பக்கத்தைப் படிக்கணுமா? கொண்டா."

போட்டான். இனிஷியலோடு.

ஒன்பதாவது வியாழன். மணி ஆறு ஐம்பது. எதிரே ரெண்டு கப்பல், கையில் கடைசி டார்பிடோ. குறி பார்த்தான். தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது.

"அடுத்த நன்றிக் கடிதம். 'குழந்தை இயேசுவே, நான் ஐரின். என் வேலைச் சுமை குறைய என் வீட்டுக்காரர் மைக்கேல்ராஜ் இந்த வாரத்தோடு ஒன்பது வியாழன் உம்மிடம் வந்தார். அந்த ஒன்பது வியாழனும் இருபத்திரண்டு குடம் தண்ணீரை நானே ரெண்டு மாடி தூக்கினேன். ஆனாலும் வேண்டுதல் பலித்துவிட்டது. அடுத்த வியாழனிலிருந்து எல்லாக் குடத்தையும் அவரே தூக்குவார். ஞாயிற்றுக்கிழமை பாத்திரமும் அவரே கழுவுவார். உமக்கு நன்றி.' கீழே, 'மேலே உள்ள எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஏ. மைக்கேல்ராஜ்.' இப்படிப்பட்ட கணவர்கள் நம் பங்குக் கோயிலில் பெருகட்டும்!"

"ஆமென்!" என்றது கூட்டம். பெண்கள் பக்கத்திலிருந்துதான் சத்தம் அதிகம்.

குக்கரைத் தாண்டாத குரல், நாலு தெருவுக்குக் கேட்டது.

"டேய் மைக்கேலு, உன் கப்பல்ல தண்ணி ஏறுதுடா," என்றாள் மௌரீன் அக்கா.

"நீங்கதானே சொன்னீங்க?"

"நான் ஒரு வார்த்தை சொல்லலை. 'எங்க வீட்டுக்காரரு எந்த பெஞ்சுல உக்காருவாரு'ன்னு ரெண்டாவது வாரமே கேட்டா. கோயில் வாசல்ல உக்காந்துக்கிட்டுப் பொய் சொல்ல முடியுமா? பெஞ்சு இல்லை, பிளக்குன்னேன். அவ்ளோதான்."

ஏழு மணிக்கு நவநாள் முடிந்து வெளியே வந்தவர்கள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பக்கத்துத் தெரு இராஜமாணிக்கம் மட்டும் அவனை ஓரமாக இழுத்துப்போய், "நல்லா இருப்பியாய்யா நீ? என் வீட்டுக்காரியும் உள்ளதான் இருக்கா!" என்று பல்லைக் கடித்தார்.

போன் டிங்கென்றது. எடுத்துப் பார்த்தான். 'வாழ்த்துகள் கேப்டன்! கருஞ்சுறா உங்களுடையது!' அதற்குக் கீழே பொடி எழுத்தில்: 'கப்பலைச் செலுத்த மாலுமிகள் தேவை. இலவசமாகப் பெற, அடுத்த ஒன்பது வியாழக்கிழமை, மாலை ஆறு முதல் ஏழு வரை...'

பொடி எழுத்தை மைக்கேல்ராஜ் அவன் ஆயுசில் முதல்முறையாகக் கடைசி வரை படித்தான்.

அடுத்த வியாழன் அவன் பதினெட்டாவது குடத்தோடு ரெண்டாவது மாடிப் படியில் நின்றான். குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டான். மேலே வாசற்படியில் ஐரின் ஆஞ்சலாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் அவன் போன்.

"ஏங்க, உங்க படையில ஒருத்தர் மெசேஜ் போட்டுருக்காரு. 'சண்டை ஆரம்பிச்சாச்சு, கேப்டன் எங்கே?'ன்னு."

"ஐயோ! நீ என்ன சொன்னே?"

அவள் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு, குழந்தைக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்.

"கேப்டன் வர இன்னும் நாலு குடம் ஆகும்னு போட்டுட்டேங்க."