பெயர் பிறகு சொல்லப்படும் வீரர்

தென் இலண்டன் நோர்பரியின் செங்கல் வீடுகளுக்கு மேலே மேகம் குடை பிடிக்க, மேகத்துக்கும் மேலே விமானங்கள் கவரி வீச, கீழே இரண்டு படுக்கையறையும் ஒரு சாமானறையும் கொண்ட மாளிகையில் வீற்றிருந்து, மோதி நசுங்கிய கார்களுக்கு மதிப்புப் போடும் தொழிலாலும் இன்னும் எதிலும் மோதாத மனிதர்களுக்கு மதிப்புப் போடும் பொழுதுபோக்காலும் புகழ் பரப்பிய புள்ளிவிபரப் புரவலன், சராசரிகளின் சக்கரவர்த்தி, 'நோர்பரி நாகங்கள்' என்னும் பேஸ்போல் சேனையின் தலைவன் குகதாசன் வாழ்க. அவன் வலக்கை ஏந்திய கைத்தொலைபேசி வாழ்க. அவன் திருவாய் உதிர்க்கும் தசம எண்கள் கேட்பவர் எவருக்கும் விளங்கியதில்லை. பாவம், அவையும் வாழ்க.

இம்மாவீரன் கருவிலேயே பேஸ்போல் கற்றவன் அல்லன். ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில், பேஸ்போலின் ஏழைத் தம்பியான எல்லே அடித்து, முழங்காலைத் தேய்த்து வளர்ந்த சாதாரணப் பிறவிதான். பெறாமகளாகிய தமையன் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கென்று கனடாவின் ஸ்காபரோ நகர் சென்றவன், மண்டபத்தில் கதிரை அடுக்க ஆள் தேடி வந்த தமையனின் கண்ணுக்குத் தப்பித் தொலைக்காட்சிக்கு முன்னால் ஒளிந்தபோதே ஊழ் அவனைப் பிடித்தது. அத்திரையில் ஓடிய பேஸ்போல் செய்தியில், ஓர் ஊர் கோயில் கட்டாத குறையாகக் கும்பிட்டு வந்த அடிவீரனை, அவ்வூர் அணித்தலைவர்கள் வேறோர் ஊருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மீசை முளைக்காத மூன்று பெடியன்களை வாங்கியிருந்தார்கள். ஊரே அழுதது. மேசையைச் சுற்றி இருந்த கோட்டுப் போட்ட வல்லுநர்கள் மட்டும் அழாமல், நல்ல வியாபாரம் என்று தலையாட்டினார்கள். அந்த அழாத முகங்களில் குகதாசன் தன் குலதெய்வத்தைக் கண்டான். கண்டு இலண்டன் மீண்டான். மீண்ட நாள்முதல் அவனோடு ஒரே மேசையில் சோறு தின்பவர்களுக்கு நிம்மதி இல்லாமற் போயிற்று.

ஏனெனில் வேதம் ஒன்று அவன் வசம் வந்திருந்தது. முப்பதைத் தாண்டிய தோளை நம்பாதே என்றது அவ்வேதம். நேற்றைய வெற்றிக்கு நாளைக்குக் கூலி கொடாதே என்றது. ரசிகர் கண்ணீர் விடும் நாளே விற்பதற்கு உகந்த நாள் என்றது. விற்பவன் கடைசி நேரத்தில் என்ன சொன்னாலும் காதில் வாங்காதே, அது விலையேற்றும் தந்திரம் என்றது. யாவற்றுக்கும் முடியாக, ஒரு மனிதனின் மதிப்பென்பது அவன் செய்கின்ற காரியமல்ல, அவனை எடுத்துவிட்டுத் தெருவால் போகிற ஒருவனை அவ்விடத்தில் நிறுத்தினால் எவ்வளவு குறையும் என்பதே மதிப்பு என்றது. இந்த அளவுகோலை இடுப்பில் செருகிக்கொண்டு கலியாண வீடுகளுக்குப் போய், ஐயர் உச்சத்தைத் தாண்டிவிட்டார், பக்கத்தில் நெய் ஊற்றுகிற சின்ன ஐயரில்தான் எதிர்காலம் இருக்கிறது என்று பந்தியில் தீர்ப்புரைத்தான். அவன் மனையாள் சிவகௌரி ஒருமுறை தன்னுடைய மதிப்பு எவ்வளவு என்று சாந்தமாகக் கேட்டாள். அன்றைக்கு மட்டும் வீரன் எண் எதுவும் சொல்லாமல் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினான்.

இனிப் போரின் காரணம் கேளுங்கள். ஓரூர்க்காரர் நோர்பரியிலும் கிழக்கு இலண்டன் குட்மேய்சிலுமாகச் சிதறிக் கிடக்க, அவர்களைக் கட்டிவைக்கும் ஊர்ச்சங்கம், கோடை என்று இலண்டன் சொல்லிக்கொள்ளும் பருவத்தின் கடைசி ஞாயிற்றில், இரு பகுதியாருக்கும் பேஸ்போல் போட்டி வைப்பது வழக்கம். வழக்கத்தை உண்டாக்கியவனே குகதாசன். ஆனால் வெற்றிக்கிண்ணமோ தொடங்கிய ஆண்டுமுதல் குட்மேய்ஸ் தலைவர் செல்வரத்தினத்தின் பலசரக்குக் கடையில், கல்லாவுக்கு மேலே, பிள்ளையார் படத்துக்கும் லொத்தர்ச் சீட்டு இயந்திரத்துக்கும் நடுவே குடியிருந்தது. செல்வரத்தினம் வேறு யாருமல்லர், சிவகௌரியின் தமையன். ஜேர்மனியில் பிட்சா சுட்டுக் களைத்து இங்கே வந்தவர். முருங்கைக்காய் வாங்கப் போகும்போதெல்லாம் குகதாசன் அக்கிண்ணத்தை அண்ணாந்து பார்க்க, மச்சான் ஒரு துணியை எடுத்து, தூசு இருக்கிறதோ இல்லையோ, அதைத் துடைப்பார். இம்முறையும் தோற்றால் நோர்பரியின் தலைமை வேறு கைக்குப் போகும் என்று சங்கம் வாய்விட்டே சொல்லிவிட்டது. தலைமை போனால் வீரர் மாற்று இல்லை, மதிப்பீடு இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் புல்லு வெட்டுவதைத் தவிர வேறு வாழ்வில்லை.

ஆகவே சக்கரவர்த்தி தன் சேனையை ஆராய்ந்தான்; ஆராய்ந்த கண் சண்முகராசாவில் நிலைகுத்தி நின்றது. அறுபதை எட்டிப் பார்க்கும் பந்தெறி வீரர் அவர். அவர் எறியும் பந்து அடிப்பவனிடம் வந்து சேருவதற்குள் அடிப்பவன் ஒரு கொட்டாவியைத் தொடங்கி முடிக்கலாம். எதிரே குட்மேய்சிலோ யதுசன் என்னும் பத்தொன்பது வயது இளஞ்சிங்கம். மின்னல் தோளன், எறிந்தால் பந்து கண்ணுக்குத் தெரியாது, விசில் சத்தம் மட்டும் கேட்கும். போன மாதம் அவனுடைய தாய் மண்டபம் எடுத்துக் கொடுத்த விருந்துக்குக் குகதாசனும் போயிருந்தான். கேக் இரண்டு துண்டு தின்றபடி, பெடியனின் முழங்கை எந்தக் கோணத்தில் மடங்குகிறதென்று பக்கத்துக் கதிரைக்காரருக்கு விளக்கினான். விருந்து எதற்கென்று அவன் விசாரிக்கவில்லை. அது புள்ளிவிபரமல்ல.

அப்பர் டூட்டிங் ரோட்டில், வடைச் சட்டி இரையும் உணவகம் ஒன்றில், கண்ணாடிக் கிளாசுத் தேநீர் இரண்டு சாட்சியாக, இரு பேரரசுகளும் பேச்சுவார்த்தைக்கு அமர்ந்தன. சண்முகராசாவைத் தருகிறேன், யதுசனைத் தா என்று குகதாசன் முழங்கினான். செல்வரத்தினம் வடையைச் சம்பலில் தோய்த்துக்கொண்டே, கிழவனுக்குக் குமரன் சரியான மாற்றோ என்று கேட்டார். அப்போதுதான் வீரன், கடல் கடந்து கற்ற வித்தைகளிலெல்லாம் அரிய வித்தையை உறையிலிருந்து உருவினான். சண்முகராசாவோடு, பெயர் பிறகு சொல்லப்படும் ஒரு வீரரையும் சேர்த்துத் தருவதாக அறிவித்தான்.

"அதார் அது?" என்றார் செல்வரத்தினம்.

"இப்ப தெரியாது மச்சான். நீங்கள் பிறகு யோசிச்சு ஒராளைச் சொல்லுவியள், நாங்கள் தருவம். அமெரிக்காவில உது வழமை."

"நோர்பரியில ஆரையும் கேக்கலாமோ?"

"ஆரையும்."

செல்வரத்தினம் கைநீட்டினார். நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தி, நல்ல மனிதர், மனசாட்சி உறுத்த, "ஆனா மச்சான், உவன் யதுசன் இருக்கிறானெல்லே..." என்று தொடங்கினார். விற்பவனின் கடைசி நேரத் தந்திரம் என்று வேதம் எச்சரித்தது அல்லவா? குகதாசன் மலைபோல் உள்ளங்கையை உயர்த்தி அச்சொல்லைத் தடுத்தான். வணிகம் முடிந்தது. மிச்ச வடையைச் செல்வரத்தினம் தின்றார்.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுமம் என்னும் பேரவையில் பிரகடனம் ஏறியது. சண்முகராசா அண்ணையின் நீண்ட சேவைக்கு நன்றி. எனினும் அவரிடத்தில் வேறு யாரை நிறுத்தினாலும் இதே பலன்தான் என்று கணக்குக் காட்டுகிறது. எதிர்காலத்தை நோக்கி நடப்போம். இதைக் கண்ட சண்முகராசாவின் மனைவி கலாவதி, கண்டனமோ கண்ணீரோ எழுதாமல், ஒரேயொரு கட்டைவிரலை உயர்த்திப் போட்டாள். இதைவிடப் பயங்கரமான ஆயுதம் வாட்ஸ்அப்பில் இல்லை.

சிவகௌரி அந்தக் கட்டைவிரலை நெடுநேரம் பார்த்தாள். "இஞ்சருங்கோ, நீங்கள் சண்முகராசா அண்ணையை மட்டுந்தானோ குடுத்தனீங்கள்?"

"அவரை மட்டுந்தான்."

"எங்கட சனத்தில ஒராளை மட்டும் குடுக்கேலுமெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

இல்லாளின் சொல்லை வீரன் புறங்கையால் தள்ளினான். உணர்ச்சிவசப்படும் ரசிகர்கள் எந்த ஊரிலும் இப்படித்தான் பேசுவார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

வந்தது போர் நாள். நோர்பரிப் பூங்காவில் மரங்கள் மஞ்சள் கொடி ஏற்ற, நாய்கள் சங்கநாதம் செய்ய, யாரோ விட்டுப்போன குளிர்பானத் தகரம் காற்றில் உருண்டு பறை முழக்க, குகதாசன் நெஞ்சுக் கவசம் பூண்டு, தொப்பியின் முனையைத் தாழ்த்தி, கிண்ணத்தை எந்தத் தட்டில் வைப்பது என்ற சிந்தனையோடு களம் புகுந்தான். சேனை வருமென்று வலப்புறம் நோக்கினான்; ஒரு பல்வைத்தியர் நின்றார். இடப்புறம் நோக்கினான், பல்வைத்தியரின் தம்பி, கால் சுளுக்கென்று, மடக்குக் கதிரையில் இருந்தார்.

அவ்வேளை இடிமுழக்கம்போல் வான் வண்டி ஒன்று வந்து நின்றது. நோர்பரி அணியை ஆண்டாண்டு காலமாக ஏற்றி இறக்கிய சண்முகராசாவின் வான்தான் அது. கதவு திறந்தது. முதலில் சண்முகராசா இறங்கினார், குட்மேய்சின் நீலச் சட்டையோடு. பின்னால், பந்து பிடிக்கும் வல்லவர், கலாவதியின் தம்பி, நீலச் சட்டையோடு. அவர் பின்னால் முதல் பேஸையும் இரண்டாம் பேஸையும் காத்து நின்ற மருமகன்மார் இருவரும், மூன்றாம் பேஸின் காவலரான சம்பந்தியும், சம்பந்தியின் மகனும், குகையிலிருந்து வேங்கைகள் வெளிப்படுவதுபோல, நீலம் நீலமாய் வெளிப்பட்டார்கள். கடைசியில் கலாவதி, வெள்ளித்தாள் மூடிய தட்டில், பொரித்த ரோல்ஸின் ஆவி பறக்க இறங்கினாள். அடித்த சராசரி, ஓடிய வேகம் என்று ஆயிரம் எண்களை மனப்பாடம் செய்திருந்த மாமேதைக்கு, தன் அணிப்பட்டியல் உண்மையில் ஒரு கலியாண ஆல்பத்தின் முதற்பக்கம் என்பது அக்கணத்தில்தான் உதித்தது.

ஆயினும் அஞ்சவில்லை வீரன். எஞ்சிய ஒரே அம்பான இளஞ்சிங்கத்தைத் தொலைபேசியில் அழைத்தான்.

"அங்கிள், நான் லீட்ஸில நிக்கிறன்," என்றது இளஞ்சிங்கம், நித்திரைக் குரலில். "யூனிவர்சிற்றி தொடங்கிட்டுது. நீங்கள் என்ர ஃபேர்வெல் கேக் சாப்பிட்டனீங்கள்தானே அங்கிள்? அதில பெரிசா லீட்ஸ் எண்டு எழுதியிருந்ததே."

குகதாசன் அந்த எழுத்தைத்தான் தின்றிருந்தான், இரண்டாம் துண்டு.

ஒன்பது பேர் இல்லாத சேனை சேனையன்று என்பது விதி. ஒரு பந்துகூட எறியப்படாமல், ஒரு துளி வியர்வை சிந்தப்படாமல், கிண்ணம் பிள்ளையாருக்கும் லொத்தருக்கும் நடுவே திரும்பிப் போவதாகச் சங்கத்தார் அறிவித்தார்கள். நோர்பரிக்கு இனி அணியுமில்லை, அணியில்லாத இடத்துக்குத் தலைவனுமில்லை என்றும் சொன்னார்கள். பல்வைத்தியர் தம்பியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார். நீலச்சட்டைக்காரர் தங்களுக்குள் இரண்டாகப் பிரிந்து சும்மா விளையாடத் தொடங்கினார்கள். பரந்த புல்வெளியின் நடுவே, பாகம்பிரிக்கப்பட்ட வீட்டில் மிஞ்சிய அலுமாரிபோல, குகதாசன் தனித்து நின்றான். கவசத்தின் வார் ஒன்று அறுந்து தொங்கியது. தன் அளவுகோலைத் தன்மேல் வைத்து அளந்தான். அவனை எடுத்துவிட்டுத் தெருவால் போகிற ஒருவனை நிறுத்தினால் என்ன குறையும் என்று கணக்குப் போட்டான். கணக்குச் சுலபமாக வந்தது; தசமம்கூடத் தேவைப்படவில்லை.

தூரத்தில் சண்முகராசா அவனைப் பார்த்தார். பந்தைக் கையில் இரண்டுதரம் உருட்டினார். பிறகு செல்வரத்தினத்தைக் கூப்பிட்டு, "அந்த மற்ற ஆளின்ர பேரை இன்னும் சொல்லேலுமோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. ஆரைக் கேப்பம்?"

"உவரைத்தான்."

செல்வரத்தினம் நடந்து வந்து அச்செய்தியைச் சொன்னபோது, வீரன் தான் கற்ற வேதம் முழுவதையும் மனதுக்குள் புரட்டி ஒரு மறுப்புத் தேடினான். கிடைக்கவில்லை. ஆரையும் கேட்கலாம் என்றது அவன் திருவாயேதான். மெல்ல நடந்து சண்முகராசாவின் முன் போய் நின்றான்.

"அண்ணை, என்னை எடுத்து உங்களுக்கு என்ன பிரயோசனம்?"

"ஒண்டுமில்லைத் தம்பி," என்றார் சண்முகராசா. "வலப்பக்கக் கரையில ஒராள் நிக்கவேணும். பந்து அங்கால வராது. நீர் இஞ்ச தனிய நிண்டு என்ன செய்யப்போறீர்?"

கலாவதி ஒரு ரோல்ஸைக் கடதாசித் துண்டில் சுற்றி, முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். "சூடு. பாத்துச் சாப்பிடுங்கோ," என்றாள். இம்முறை கட்டைவிரல் காட்டவில்லை.

இவ்வாறாக, மதிப்பிட வந்தவன் மதிப்பிடப்பட்டு, மாற்ற வந்தவன் மாற்றப்பட்டு, நாகச் சட்டை உரித்து நீலச் சட்டை பூண்ட நோர்பரி நாயகன், குளிர் பிடிக்கும்வரை ஞாயிறுதோறும் குட்மேய்சில் நடக்கும் பயிற்சிக்கு, புதிய தேசத்தின் புதிய போர்வீரனாய், வாழ்நாளில் முதல்முறையாக எந்த எண்ணும் தலையில் இல்லாதவனாய், சிவகௌரி கட்டித் தந்த சோற்றுப்பெட்டியைத் தோளிலே மாட்டி, விடியற் கதிர்கள் வழிகாட்டப் படையெடுத்துப் புறப்பட்டான்.

சண்முகராசாவின் வானில் இடம் இல்லையென்றபடியால் ரெயிலில் போனான்.