மானத்திரை

கடலுக்கு முதுகையும் மலைக்கு முகத்தையும் காட்டியபடி மாண்பூர் என்றொரு நாடு கிடந்தது. அங்கே நெல் விளைந்தது, மிளகு விளைந்தது. ஆனால் எந்த அமைச்சரைக் கேட்டாலும் எங்கள் நாட்டின் தலையாய விளைச்சல் பெண்களின் மானம்தான் என்பார். அதற்கென்றே மான அமைச்சு ஒன்று இருந்தது. அதற்குப் பெரிய கட்டடமும் இருந்தது. கட்டடத்தில் பெண்கள் உட்காரத்தான் இடம் இல்லை.

மாண்பூரார் கொடி ஏற்றுவதில் சூரர்கள். புதுக் கிணறு வெட்டினால் கொடி, அரசருக்கு ஜலதோஷம் தீர்ந்தால் கொடி. ஏற்றிய கொடியைச் சூரியன் மறைவதற்குள் இறக்குவது ராஜத்துரோகம். இத்தனை கொடிகளையும் கோட்டைக்குக் கீழே இருந்த கொடிக்கூடத்தில் பெண்கள் தைத்தார்கள். கொடிக்கூடத்தின் தலைவர் தளவாய் வீரசிங்கர். வடக்கு எல்லைப் போரை வென்றவர். அவர் முகம் போட்ட மிட்டாய்ப் பெட்டிகள் திருவிழாக் கடைகளில் விற்றன.

செங்கமலம் அந்தக் கூடத்தில் ஓரம் அடிப்பவள். ஒரு மத்தியானம், சாயம் சரிபார்க்க வேண்டும், துணியை எடுத்துக்கொண்டு கிடங்கு அறைக்கு வா என்று தளவாய் சொன்னார். போனாள். பின்னால் கதவு சாத்தப்பட்டது. அப்புறம் நடந்ததைத் தன் வாயால் சொல்வதற்குத்தான் செங்கமலம் இந்தக் கதை முழுவதும் பாடுபடுகிறாள். அதனால் நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

அன்று மாலை அவள் கணவனிடம் சொன்னாள். ஆதிமூலம் குதிரைகளுக்கு லாடம் கட்டுபவன். கேட்டு முடித்ததும் சுத்தியலைக் கீழே வைக்காமலே வாசலுக்குப் போனான்.

"எங்க போறீங்க?"

"அவனக் கொன்னுட்டு வரேன்."

"கொன்னா உங்களத் தூக்குல போடுவாங்க. அவனுக்குச் சிலை வப்பாங்க. அந்தச் சிலையத் தாண்டித்தான் நான் தினம் தண்ணிக்குப் போகணும்." அவள் அவன் கையிலிருந்து சுத்தியலை வாங்கி வைத்தாள். "நான் சபைக்குப் போறேன். எம் பேரச் சொல்லி, அவன் பேரச் சொல்லி, எல்லாருக்கும் முன்னாடி சொல்றேன்."

"உன்னால முடியுமா கமலம்?"

"தெரியல. பக்கத்துல நில்லுங்க."

சபையில் நின்று, "என் பேரு" என்று அவள் ஆரம்பித்ததுதான் தாமதம், மான அமைச்சர் குணபூஷணர் எழுந்துவிட்டார்.

"நிறுத்துங்கள்! ஒரு பெண் முகம் தெரிய நின்று, பெயரைச் சொல்லி, இப்படிப்பட்ட ஒன்றைச் சொல்வதா? நாளை இவளை உலகம் என்ன சொல்லும்? அரசே, இவளைக் காப்பாற்றுங்கள்!" அவர் குரல் தழுதழுத்தது. அரசருக்கும் கண் கலங்கியது. யாரிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அன்றே முதல் ஆணை பிறந்தது. முறையிட வரும் பெண்ணைச் சுற்றி மானத்திரை கட்டப்படும். நான்கு கம்புகள், நான்கு வீரர்கள், தடித்த அரக்குத் துணி. அவள் போகும் இடமெல்லாம் திரையும் போகும். அவள் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது. 'அன்னார்' என்றே குறிப்பிட வேண்டும். வெயிலுக்கு ஒரு திரை, மழைக்கு ஒரு திரை, விசாரணைக்கு இரட்டை மடிப்பில் ஒரு திரை என்று அமைச்சு தாராளமாகத் தைக்க உத்தரவிட்டது. தைத்தது கொடிக்கூடம்தான். மேற்பார்வை பார்த்தவர் தளவாய் வீரசிங்கர்தான்.

திரைக்குள் வாழ்வது எப்படி என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. கடைத்தெருவில் அவள் கத்தரிக்காயைச் சுட்டினால் கடைக்காரருக்குத் தெரியாது. வாய்விட்டுக் கேட்டால், அன்னாருடன் பேசினால் குற்றமோ என்னவோ என்று அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். கிணற்றடியில் பெண்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அது மரியாதையா பயமா என்று துணிக்குள்ளிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்குள்ளும் கம்புகளை நட்டார்கள். ஆதிமூலம் துணியின் அடியோரத்தைத் தூக்கிச் சோற்றுத் தட்டை உள்ளே தள்ளுவான். அவள் தட்டை விட்டுவிட்டு அவன் விரல்களைப் பிடித்துக்கொள்வாள்.

"அண்ணே, கை உள்ள போகக் கூடாது. சட்டம்" என்றான் ஒரு வீரன்.

"என் பொண்டாட்டிடா அவ."

"அன்னாரப் பேர் சொல்லாதீங்கண்ணே. அதுவும் சட்டம்."

"பொண்டாட்டிங்கறது பேராடா?"

வீரன் யோசித்தான். "கேட்டுட்டு வந்து சொல்றேன்."

விசாரணை நாள் வந்தபோது இரண்டாவது ஆணையும் தயாராக இருந்தது. பச்சையான சொற்கள் சபையின் காதைப் புண்படுத்தும், சொல்பவளின் மானத்துக்கும் இழுக்கு. ஆகவே அன்னார் சொல்வதை நாகரிகச் சொல்லாளர் நாவினியார் கேட்டு, சபைக்கு ஏற்றபடி எடுத்துரைப்பார். நாவினியார் அரச குடும்பத்து இரங்கல் உரைகளை எழுதிப் பேர் வாங்கியவர்.

இரட்டை மடிப்புத் திரைக்குள்ளிருந்து செங்கமலம் கத்திச் சொன்னாள். "தளவாய் கதவச் சாத்துனாரு!"

திரையில் காதை வைத்திருந்த நாவினியார் நிமிர்ந்தார். "கூடத்தின் பொறுப்பாளர் காற்றுக்குக் கதவை ஒருக்களித்ததாக அன்னார் நினைவுகூர்கிறார்."

"வேணாம், விடுங்கன்னு சொன்னேன்!"

"இருவருக்கும் இடையே கருத்துப் பரிமாற்றம் நிகழ்ந்தது."

"கத்துனேன்! யாரும் வரல!"

"கூடத்தில் அன்று அமைதி நிலவியது."

அரசர் தாடியைத் தடவினார். "கேட்டவரையில் நல்ல நிர்வாகமாகத்தானே இருக்கிறது? குற்றம் எங்கே வருகிறது?"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தளவாய் எழுந்து வணங்கினார். "அரசே, என் கூடத்துப் பெண்கள் எனக்கு மகள்கள் மாதிரி. அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவள் யார் என்றே எனக்குத் தெரியாது. திரை இருக்கிறதே!"

சபை சிரித்தது. திரைக்குள் செங்கமலத்துக்கு அந்தச் சிரிப்பு நாலு பக்கமிருந்தும் வந்தது.

விசாரணையை ஒத்திவைத்துவிட்டு அரசர் மூன்றாவது ஆணையைப் படிக்கச் சொன்னார். வரும் பௌர்ணமித் திருவிழாவில் தளவாய் வீரசிங்கருக்கு 'மாதர் காவலர்' பட்டம் வழங்கப்படும். பட்டம் பெற்றவர் மீது குற்றம் சொல்வது பட்டத்தையே பழிப்பதாகும் என்பதால், அதற்குப் பிறகு எந்த முறையீடும் ஏற்கப்படாது.

ஆக, பௌர்ணமிக்குள் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு வாய் இருந்தது. அந்த வாய்க்கும் ஊருக்கும் நடுவே துணியும் நாவினியாரும் இருந்தார்கள்.

ஊரில் பேச்சு மாறிக்கொண்டே வந்தது. முதலில், "பாவம், யாரு பெத்த பொண்ணோ" என்றார்கள். பிறகு, "தளவாயா? எங்க அக்கா பேரனுக்கு அவர் பேர்தான் வச்சிருக்கு" என்றார்கள். கடைசியில் வந்ததுதான் வேகமாகப் பரவியது.

"உள்ள ஆளே இல்லயாம் தெரியுமா? எதிரி நாட்டுக்காரன் காசு குடுத்து வெறுந்திரையத் தூக்கிட்டுப் போக வக்கிறானாம்."

திரைக்கு ஒரு முழம் தள்ளி நின்றே அதைப் பேசிக்கொண்டார்கள். உள்ளிருந்த செங்கமலத்துக்கு அத்தனையும் கேட்டது. அதற்குப் பிறகு அவள், உள்ளே தான் இருக்கிறோமா என்று சோதிப்பதுபோல், தன் பெயரைத் தானே மெதுவாகச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு காலை, பெயர் நாக்கில் வரச் சற்றுத் தாமதமானது. அவள் பயந்துபோய்க் கூப்பிட்டாள்.

"என்னங்க! எம் பேரச் சொல்லுங்க!"

"செங்கமலம்!" என்று ஆதிமூலம் தெருவே கேட்கக் கத்தினான். "செங்கமலம்! செங்கமலம்!"

அதற்காக அவனை அன்று முழுவதும் லாயத்தில் குதிரைகளோடு கட்டி வைத்தார்கள். குதிரைகளுக்கு அவனைத் தெரியும் என்பதால் அவனுக்குப் பெரிய கஷ்டமில்லை.

பௌர்ணமி நெருங்கியபோது திரையில் ஒரு தையல் விட்டுப்போனது. அதைச் சரிசெய்யக் கொடிக்கூடத்திலிருந்து வடிவு வந்தாள். கூடத்தில் மூத்த தையல்காரி. அதிகம் பேசாதவள். வீரர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஊசி கோத்தவள், கிழிசலில் வாயை வைத்துச் சொன்னாள்:

"எனக்கும் அதே அறைதான்டி."

செங்கமலம் கிழிசலுக்கு அருகே நகர்ந்தாள். "எப்பக்கா?"

"நீ கூடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி. நான் மட்டும் இல்ல."

"ஏங்க்கா சொல்லல?"

"நீ சொன்ன. என்ன செஞ்சாங்க? சுத்தித் துணியக் கட்டிட்டாங்க. அந்தத் துணிய நான்தான் தச்சேன். என் கையாலயே தச்சேன்டி." ஊசி நின்றது. "தைக்கிறப்ப ஒவ்வொரு தையலுக்கும், இது எனக்கு இல்ல, இது எனக்கு இல்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

செங்கமலம் கிழிசலின் வழியே இரண்டு விரல்களை நீட்டினாள். வடிவு அவற்றைப் பிடித்தாள். பிறகு கிழிசலைத் தைத்தாக வேண்டியிருந்தது. தைத்தாள்.

மறுநாள் மான அமைச்சர் கொடிக்கூடத்துக்கு நேரில் வந்தார். பட்டமளிப்புக்குக் கோட்டை மதில் உயரத்துக்கு அரக்குத் துணியில் ஒரே கொடி வேண்டும், நடுவில் தளவாயின் முகம் தீட்ட வேண்டும் என்றார்.

"துணி இல்லீங்களே ஐயா" என்றாள் வடிவு.

"இல்லை என்றால்?"

"நாட்டுல இருந்த அரக்குத் துணி அத்தனையும் திரைக்குப் போயிருச்சு. வெயில் திரை, மழைத் திரை, ரெட்டை மடிப்பு... வேற நெறம்னா இருக்குங்க. பச்சை?"

"பச்சை எதிரி நாட்டு நிறம் அம்மா!" அமைச்சர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அரசுப் பணியில் அவர் முடிவெடுக்கத் தயங்கியதே இல்லை. "திரைகளைப் பிரித்துக் கொடியாகத் தைத்துவிடுங்கள். ஒரே பகல்தானே! அன்று அன்னார் வீட்டிலேயே இருக்கட்டும். வீட்டுச் சுவரை விடவா பெரிய திரை?"

"காவலுக்கு நிக்கற வீரங்க, ஐயா?"

"திரையே இல்லாதபோது அவர்கள் எதைத் தூக்குவார்கள்? கொடிக்கயிறு இழுக்க வரச் சொல்லுங்கள்."

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். பணிவு என்று அமைச்சர் நினைத்தார்.

திருவிழா நாளன்று செங்கமலம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். வெளிச்சம் அவள் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது. எல்லோரும் பார்ப்பார்களே என்று ஒரு நிமிடம் அந்தத் துணி வேண்டும் போலிருந்தது. அப்படி நினைத்ததே அவளைப் பயமுறுத்தியது. ஆதிமூலம் குனிந்தான். அவளுடைய செருப்பை எடுத்துத் திருப்பி வைத்தான். அவள் போட்டுக்கொண்டாள்.

கோட்டை வாசலில் காவலர்கள் ஈட்டியைக் குறுக்கே நீட்டினார்கள்.

"யாரும்மா நீ?"

"கொடிக்கூடத்துல தைக்கிறவ."

"அன்னார உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு. நீ உள்ள போ, போ, கூட்டம் சேர்றதுக்குள்ள போ."

அன்னாரின் முகத்தை யாரும் பார்த்துவிடாமல் மாண்பூர் அத்தனை அக்கறையாகக் காத்து வந்தது. அதனால் காவலர்களுக்கு அவளைத் தெரியவில்லை.

முற்றத்தில் பேரிகை முழங்கியது. நான்கு வீரர்கள் கயிற்றை இழுக்க, மதிலை மறைத்துக்கொண்டு தளவாயின் முகம் மேலேறியது. அரசர் பட்டத்தை அறிவிக்க எழுந்தார். மேடையின் கீழ்ப்படியில் ஒரு பெண் ஏறி நின்றாள். பக்கத்தில் ஆதிமூலம் நின்றான்.

"என் பேரு செங்கமலம்."

முற்றம் திரும்பிப் பார்த்தது.

"திரை!" என்று அலறினார் குணபூஷணர். "அன்னாருக்குத் திரை கொண்டுவாருங்கள்!"

கயிற்றைப் பிடித்திருந்த வீரன் மேலே காட்டினான். "திரை அங்க இருக்குதுங்க."

"இறக்குடா!"

"இறக்கிரலாமுங்க. சூரியன் இன்னும் இருக்குது. ராஜத்துரோகமுங்க."

அமைச்சர் அரசரைப் பார்த்தார். அரசர் சூரியனைப் பார்த்தார். சட்டத்தில் வேறு வழி இருக்கவில்லை. நாவினியார் மட்டும் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அன்னார் கூற வருவது என்னவென்றால்..."

"நான் பேசறது எல்லாருக்கும் கேக்குது ஐயா. நீங்க உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவளை யாரும் குறுக்கே மறிக்கவில்லை என்பதே அவளுக்கு நம்ப முடியாததாக இருந்தது. கதவிலிருந்து ஆரம்பித்தாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. உடைந்த இடத்தில் நின்று, மறுபடி அங்கிருந்தே சொன்னாள். அவளே சொல்லிவிட்டாள். அதில் நாம் சொல்வதற்கு மிச்சம் எதுவும் இல்லை.

முடித்ததும் ஒரு சத்தமும் இல்லை. யாரும் நம்பவில்லையோ என்று அவள் நினைத்தாள். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள். அப்போது தையல்காரிகள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் ஒரு பாய் சரசரத்தது.

"எம் பேரு வடிவு."

அவள் பேசி முடிப்பதற்குள் இன்னொருத்தி எழுந்து நின்றாள். அவளுக்குப் பின்னால், கூடத்தை விட்டுப் போய் வெகுகாலமான ஒருத்தி, இடுப்புக் குழந்தையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். சூரியன் அன்று அவசரப்படவே இல்லை.

ஒருவழியாக அது மலைக்குப் பின்னால் இறங்கியதும் வீரர்கள் கொடியை இறக்கி, கம்புகளில் கட்டி, ஓடிவந்தார்கள். வந்தவர்கள் திகைத்து நின்றார்கள்.

"ஐயா, யாரச் சுத்திக் கட்டறது?"

குணபூஷணர் முற்றத்தைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தியும் தலையைக் குனியவில்லை. ஊர் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. அத்தனை கண்களும் மேடையில் ஒரே நாற்காலியின் மேல் இருந்தன. அந்த நாற்காலியிலிருந்து அடைத்த குரல் ஒன்று வந்தது.

"இங்கே கொண்டுவாருங்கள்."

வீரர்கள் கேட்டது சரிதானா என்று தயங்கினார்கள்.

"இங்கேடா! சீக்கிரம்!" என்றார் தளவாய் வீரசிங்கர், முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு.

கட்டினார்கள். துணியின் வெளிப்பக்கத்தில் அவருடைய முகம் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

வழக்கு இன்னும் முடியவில்லை. மாண்பூரில் எதுவும் சீக்கிரம் முடிவதில்லை. அரசர் ஒத்திவைத்துக்கொண்டே இருக்கிறார், குணபூஷணர் கலங்கிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு விசாரணைக்கும் செங்கமலம் முகம் தெரிய, கணவனோடு பேசிக்கொண்டே கடைத்தெரு வழியாக நடந்து போகிறாள். இரவில் சில நேரம் திடுக்கிட்டு எழுவதும் உண்டு. அப்போது அவன் அவள் பெயரைச் சொல்வான். அவர்களுக்குச் சற்றுப் பின்னால், நான்கு வீரர்கள் தூக்கிவர, அரக்குத் திரை ஒன்றும் சபைக்குப் போகிறது. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பது பாவம், எந்தப் பெண்ணோ என்று கேட்கிறார்கள்.

அதற்குப் பதில் தெரியாதவர்கள் இப்போது மாண்பூரில் யாரும் இல்லை.