பூட்டிய கூண்டில் நீலக் குஞ்சு

விலங்கியல் பட்டப்படிப்பில் இரண்டாம் வருடத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. அந்த ஒரு வருடம் மட்டும் உலகத்தில் நமக்குத் தெரியாதது எதுவுமே இருக்காது. மூன்றாம் வருடப் பரீட்சை வந்து அதைச் சரிசெய்துவிடும். என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு நேரம் சரியில்லை. நான் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நான் சில்க்கிக் கோழிகள் வளர்த்துக்கொண்டிருந்தேன். செங்கம் ரோட்டில் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது (ஞானம் கிடைத்துவிட்டதா, விசா தீர்ந்துவிட்டதா, தெரியவில்லை) அப்பாவிடம் விட்டுப்போன ஜோடி அது. வெள்ளைச் சேவல் ஒன்று, கறுப்புப் பெட்டை ஒன்று. அவற்றின் மேலிருந்ததை இறகு என்று சொல்ல முடியாது, பஞ்சு. மற்ற கோழிக்கு நாலு விரல் என்றால் இதற்கு ஐந்து. வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லோரும் "கோழியா, பூனையா?" என்று கேட்பார்கள்.

"கோழிதான். கொழம்புக்கு மட்டும் ஆவாது" என்பாள் அம்மா.

நான் அவற்றை வெறுமனே வளர்க்கவில்லை, ஆராய்ந்தேன். கல்லூரியில் நாலு கட்டம் போட்டு நிறம் எப்படி வழிவழியாக இறங்குகிறது என்று சொல்லிக்கொடுத்த நாள் முதல், காலண்டரின் பின்பக்கத்தையும் மளிகைப் பொட்டலத்தையும் நான் விட்டுவைக்கவில்லை. வெள்ளைச் சேவலுக்கும் கறுப்புப் பெட்டைக்கும் பிறந்தவை எல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்புகள் தங்களுக்குள் சேர்ந்தபோது திடீரென்று சில வெள்ளை. கட்டம் சொன்னபடியே நடந்தது. தலை கனக்க அது போதாதா? கறுப்புக்குள் வெள்ளை ஒளிந்திருக்கும். வெள்ளைக்குள் எதுவும் ஒளிந்திருக்காது என்று சட்டம் இயற்றிவிட்டேன்.

என் லட்சியம் நீல நிறக் கோழி. அப்படி ஒன்று உண்டு என்று நூலகப் புத்தகத்தில் படித்திருந்தேன். அது வருகிற வழியாக இல்லை என்பதால், இருக்கிற சட்டத்தையாவது நிரூபிப்போம் என்று சந்தையில் ஒரு வெள்ளை நாட்டுப் பெட்டை வாங்கினேன். வேறு சேவலின் சம்பந்தம் எதுவும் பாக்கி இருக்கக்கூடாது என்று ஒரு மாதம் தனியாக வைத்து, பிறகு வெள்ளைச் சில்க்கிச் சேவலோடு கம்பி வலைக் கூண்டில் விட்டுப் பூட்டினேன். சாவி என் கழுத்துக் கயிற்றில். (அக்காவின் நகைப்பெட்டிக்குக்கூட அந்த வீட்டில் பூட்டு கிடையாது.) பெட்டை அடை உட்கார்ந்தது.

அந்த வாரம்தான் கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்காவைப் பார்க்க வந்தார்கள். பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது என்று நாள் தள்ளி வந்தார்கள். மாப்பிள்ளை கதிர், உரக்கடை வைத்திருந்தார். அக்காவும் அவரும் ஒரே பஸ்ஸில் போய்வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஏற்கெனவே இரண்டு இடம் "கலர் கம்மி" என்று போய்விட்டிருந்தது. அப்போதெல்லாம் தோளைக் குலுக்கிக்கொண்ட அக்கா, இந்த முறை ஒரே புடவையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா இடியாப்பம்போல் வெளுப்பு. அப்பாவும் அதே. மாப்பிள்ளை நல்ல கறுப்பு, அக்காவைவிட. எனக்கு அன்று மனிதர்களிடம் நிறம் மட்டும்தான் கண்ணில் பட்டது.

கேசரி முடிந்ததும் அந்த அம்மா ஆரம்பித்தார். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. கலருதான் கொஞ்சம் கம்மி. நாளைக்குப் பொறக்கற புள்ளைங்க எப்படி இருக்குமோன்னு..."

அக்கா அடுக்கிய கேசரித் தட்டுகளையே மறுபடியும் அடுக்கினாள். இந்தச் சமயத்தில் மூளையுள்ள தங்கை என்ன செய்வாள்? காபி கொண்டுவருவாள். நான், "அத்தை, வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்று மொத்தப் பேரையும் கொல்லைக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

"பாருங்க, இதுங்க ரெண்டும் கறுப்பு. இதுங்களுக்குப் பொறந்தது இந்த வெள்ளை. அதனால எங்கக்கா கலரப் பாத்து கவலைப்படாதீங்க. உள்ள என்னா ஒளிஞ்சிருக்குன்னு சொல்லவே முடியாது."

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு உண்மையிலேயே ஆர்வம் வந்துவிட்டது. "அப்ப ரெண்டும் வெள்ளையா இருந்தா?"

"வெள்ளைதான் பொறக்கும் மாமா. இதோ, இந்தக் கூண்டுல அதான் நடக்கப்போவுது."

"கறுப்பே பொறக்காதா?"

"சான்சே இல்ல. பொறந்துச்சுன்னா, வேற சேவல் வேலி தாண்டி வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம்."

அவர் மெதுவாகத் திரும்பி மகனைப் பார்த்தார். மகன் கோழியைப் பார்த்தார். அந்த அம்மா கணவரைப் பார்த்தார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. பாடம் நன்றாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்ற பூரிப்பில், "நூத்துக்கு நூறு" என்று வேறு சேர்த்தேன்.

அம்மா என் இடுப்பில் கிள்ளிய தடம் மறைவதற்குள் தரகர் வந்து சேதி சொல்லிவிட்டார்: சம்பந்தம் வேண்டாம்.

அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். கோழிகளோடு பேசினாள், என் காதில் விழும்படி. "நீயாவது வாய மூடிக்கினு முட்டை போடு."

மூன்றாவது வாரம் முட்டைகள் பொரிந்தன. ஒன்றுகூட வெள்ளை இல்லை. அத்தனையும் மழைமேக நிறம்.

முதலில் பக்கத்து வீட்டுச் சிவப்புச் சேவல் மேல் பழி போட்டேன். பூட்டு பூட்டியபடி இருந்தது, வலையில் ஓட்டை இல்லை. குஞ்சின் காலைத் தூக்கி எண்ணினேன். ஐந்து விரல். அப்பன் என் வெள்ளைச் சேவல்தான், சந்தேகமே இல்லை. பிறகு பெட்டையைப் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இறகுகளுக்குள் அங்கங்கே சாம்பல் தெறித்த மாதிரிப் புள்ளிகள். சந்தை அழுக்கு என்று நினைத்திருந்தேன். புத்தகத்தைத் திரும்பப் புரட்டினால் எல்லாம் அதிலேயே இருக்கிறது. கறுப்பை வெளுக்கும் குணம் இரண்டு பங்கு சேர்ந்தால், கோழி ஏறக்குறைய வெள்ளையாகவே தெரியும். குஞ்சுக்கு அதில் ஒரு பங்குதான் போகும், சேவலின் வெள்ளையோ வழக்கம்போல் உள்ளே ஒளிந்துகொள்ளும். பாதி வெளுத்த கறுப்புக்குப் பெயர்தான் நீலம்! நான் இரண்டு வருடமாகத் தவம் கிடந்த நீலம், என் மானத்தை வாங்குவதற்கென்றே வந்து சேர்ந்திருந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இதான் உன் நீலமா? அடுப்புச் சாம்பல்ல பொரண்டாப்ல இருக்குது." சட்டென்று நிறுத்தினாள். "அப்ப நீ அன்னிக்கு அந்தம்மா எதிர்ல சொன்னது?"

"தப்பு."

"அத அங்க போயி சொல்லு."

கூடைக்குள் குஞ்சை வைத்துத் துண்டால் மூடிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். அந்த அம்மா வாசலிலேயே நின்றார், வா என்று சொல்லவில்லை. நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "அத்தை, இதுக்கு அப்பனும் வெள்ளை, ஆத்தாளும் வெள்ளை. கூண்டு பூட்டி இருந்துச்சு. சாவி என் கழுத்துல. நான் சொன்னதுதான் தப்பு. வெரல எண்ணிப் பாருங்க."

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நிஜமாகவே எண்ணினார். பிறகு உள்ளே திரும்பி, "ஏங்க! கதிரு! ரெண்டு பேரும் வாங்க இங்க" என்றார். வந்த கணவரின் காதைப் பிடித்து என் முகத்துக்கு நேரே இழுத்தார். காதோரம் முழுக்கப் புதர்போல முடி. மகன் காதையும் இழுத்தார். அதே புதர்.

"பின்னி பூ வெக்கலாம், அவ்ளோ இருக்குது. கோழி வெரல எண்ணத் தெரியுது, மனுசன் காதப் பாக்கத் தெரியல. இன்னாத்த படிக்கற நீ?"

மாமா காதை விடுவித்துக்கொண்டு பரிதாபமாகச் சொன்னார். "உம்மேல அவளுக்குக் கோவம் இல்லம்மா. நான் ஏன் புள்ளையத் திரும்பிப் பாத்தேன்னு மூணு வாரமா எனக்குத்தான் சோறு கெடைக்கல."

"பாப்பீங்களா இனிமே?" என்றார் அந்த அம்மா.

"பாக்கவே மாட்டேன்."

கதிர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அந்த அம்மா கூடையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "குஞ்சு இங்கியே இருக்கட்டும். உங்கப்பாவ நாள் குறிக்கச் சொல்லு. ஒரே கண்டிஷன்தான். கல்யாணத்துல நீ வாயத் தொறக்கக் கூடாது."

கலர் பேச்சு அதோடு அந்த வீட்டில் நின்றது. மூன்று மாதத்தில் கல்யாணம் நடந்தது. நான் பந்தியில் சாம்பார் கேட்பதற்குக்கூடக் கையைத்தான் காட்டினேன்.

அக்காவுக்கு முதல் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. அத்தை துணியை விலக்கிக் காலை நீட்டினார். "வாம்மா டாக்டரு. எண்ணிக்கோ." நர்ஸ் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இன்றுவரை அந்தக் குடும்பத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும், பெயர் வைப்பதற்கு முன் எனக்கு ஆள் வரும். போகிறேன், எண்ணுகிறேன், "அஞ்சு" என்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச எனக்கு அனுமதி இல்லை.