சட்டைப் பைக்குள் சொந்த ஊர்

ஊர் சுற்றுகிறவர்களில் 'எங்க ஊர்ல' ஆசாமி என்று ஒரு ரகம் உண்டு. அவரை எந்தத் தெருக்கடையிலும் நீங்கள் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளலாம். புது ஊரில் வந்து இறங்கி, அந்த ஊர் ஜனங்கள் காலங்காலமாகக் காத்து நின்று வாங்கித் தின்கிற பண்டத்தை வாங்கி, முதல் வாயை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, தீர்ப்பு எழுதப்போகும் நீதிபதி மாதிரி தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஊர்ல..." என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான். கிண்ணத்துச் சூடு தணிந்துவிடும், அவர் ஓயமாட்டார்.

அப்படியானால் இவர் ஏன் ஊரை விட்டுக் கிளம்புகிறார்? வீட்டிலேயே இருந்துவிடலாமே? நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டில் இருந்தால் எதைக் குறை சொல்லி எதை உயர்த்துவது? சொந்த ஊரின் பெருமை தெரிய வேண்டுமானால் அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

ஹனோய்க்காரரான ஹோவான் இந்த ரகத்தில் முதல் தரம். பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குறை கண்டுபிடிப்பதற்குச் சர்க்கார் சம்பளம் கொடுத்த காலம் முடிந்த பிறகும், அந்தச் சேவையை இலவசமாகத் தொடர்கிறவர். ஹுவே நகரத்துக்குப் போனார், காரம் என்றார். கடற்கரை ஊர் ஒன்றில் படகிலிருந்து நேராக அடுப்புக்கு வந்த மீனைத் தின்றுவிட்டு, "ரொம்பப் புதுசா இருக்கு. எங்க ஊர்ல மீன் கொஞ்சம் பொறுத்து வரும், அதுலதான் ருசி" என்றார். பரிமாறிய பெண்மணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரோ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

இப்பேர்ப்பட்டவருக்குத்தான் நாட்டின் தெற்குக் கோடியில், சைகோனில் சம்பந்தம் அமைந்தது. அங்கே வேலை பார்க்கும் மகன் கியென், ஸென் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். ஸென்னின் அம்மா ஸாவ், ஒரு சந்து முனையில் நண்டுச் சாறு ஊற்றிய அரிசிச் சேமியா விற்கிறவள். ஹோவானுக்கு அதில் ஆட்சேபம் ஏதும் இல்லை. சொல்லப்போனால் உள்ளூரச் சந்தோஷம்தான். ஏனென்றால் பெண் வீட்டார் ஹனோய்க்கு வந்திருந்தபோது, அவர் மனைவி துயெத் அதே பண்டத்தை ஹனோய் முறையில் செய்து போட்டாள். ஸாவ் இரண்டு கிண்ணம் சாப்பிட்டு, அடியில் ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்கவில்லை. தெற்கத்திக்காரி, அதையே விற்றுப் பிழைக்கிறவள், நம் வீட்டுச் சாற்றுக்கு முன்னால் மண்டியிட்டாள் என்று ஹோவான் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

இப்போது இவர்கள் அங்கே போகும் முறை. மறுநாள் வெற்றிலை பாக்கு மாற்றிக் கல்யாணத்தை உறுதி செய்வதாக ஏற்பாடு. முதல் நாள் காலையில் ஸாவின் கடையில் சாப்பாடு. கியென் அப்பாவைத் தனியாக அழைத்துப்போய்க் கிட்டத்தட்டக் காலில் விழுந்தான்.

"அப்பா, 'நல்லா இருக்கு'ன்னு மட்டும் சொல்லுங்க. 'ஆனா' வேணாம். அத்தை மனசு நொந்துச்சுன்னா இந்தக் கல்யாணமே நடக்காது."

ஹோவான் சத்தியம் செய்தார். செய்த கையோடு சட்டைப் பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். அதில் ஒரு சின்ன இருமல் மருந்து பாட்டில் இருந்தது. உள்ளே இருந்தது மருந்தல்ல, காடி; வினிகர் என்பார்களே, அது. நெல்லுச் சாராயத்தின் அடிமண்டியிலிருந்து துயெத் எடுத்த காடி. நண்டுச் சாற்றுக்குப் புளிப்பு என்றால் அதுதான் புளிப்பு என்பது அவர் கட்சி. குறை சொல்ல வாயைத் திறக்கமாட்டேன் என்றுதானே சத்தியம்? பாட்டிலைத் திறப்பதைப் பற்றி யார் பேசினார்கள்?

கிண்ணம் வந்தது. ஹோவான் எட்டிப் பார்த்தார். நண்டுக்கட்டி இருந்தது, தக்காளி இருந்தது, அதுவரை சரி. கூடவே பன்றிக்கால் துண்டு, ரத்தக் கட்டி, மீன் அடை, பொரித்த சோயாக் கட்டி எல்லாம் கல்யாணத்துக்கு முன்கூட்டியே வந்துவிட்ட உறவினர்கள் மாதிரி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் ஒரு குட்டிக் கிண்ணத்தில் கரைத்த புளி. புளி! ஒரு வாய் உறிஞ்சினார். இனித்தது. நெஞ்சுக்குள்ளிருந்து 'ஆனா' கிளம்பித் தொண்டை வரை வந்துவிட்டது. மகன் முகத்தைப் பார்த்தார். பன்றிக்கால் துண்டை எடுத்து வாயை அடைத்துக்கொண்டார்.

பாவம், மனுஷன் எவ்வளவு நேரம்தான் தாங்குவார்? ஸாவ் அடுப்புப் பக்கம் திரும்பிய சமயம் பார்த்து, மேஜைக்கு அடியில் மூடியைத் திருகி, கிண்ணத்தில் சாய்த்தார். மடமடவென்று கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது. நிமிர்ந்தால் எதிரே ஸாவ், கையில் அகப்பையோடு.

"அது என்ன சம்பந்தி?"

வாழ்க்கையில் எத்தனையோ பையன்களின் பொய்யைக் கண்டுபிடித்தவருக்குத் தனக்கென்று ஒரு நல்ல பொய் சொல்லத் தெரியவில்லை.

"மருந்து" என்றார்.

பாட்டிலும் மருந்து பாட்டில்தான். அத்தோடு முடிந்தது என்று நினைத்தார். முடியுமா? ஸாவின் தங்கையை இப்படித்தான் வியாதியை மறைத்த ஒரு குடும்பத்தில் கொடுத்துவிட்டு, வீடே இன்றுவரை அழுதுகொண்டிருக்கிறது. அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். அவள் புருஷன் ஹாவ் முக்காலியை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தார்.

"சாப்பாட்டுல கலந்து குடிக்கிற அளவுக்கு என்ன வியாதி?" என்றாள் ஸாவ், மெதுவாக. "பரம்பரையா வர்றதா? எதுவானாலும் நாளைக்கு வெத்தலை மாத்துறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. எனக்கு ஒரே பொண்ணு."

ஸென் தலையைக் குனிந்துகொண்டாள். கியென் வெளுத்துப்போய் அப்பாவைப் பார்த்தான். துயெத்துக்கு அந்தப் பாட்டில் தெரியும், புருஷனையும் தெரியும். அவள் பார்த்த பார்வையில் காடியே திரிந்திருக்கும். ஹோவான் கணக்குப் போட்டார். வியாதி என்றால் கல்யாணம் போச்சு. உண்மையைச் சொன்னால் மரியாதை போச்சு, அநேகமாகக் கல்யாணமும் போச்சு. மகனை ஒரு நிமிஷம் பார்த்தார். அவன் மேல் அவருக்கு உயிர். பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"வியாதியெல்லாம் ஒண்ணும் இல்ல. காடி. சாறு நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஊர்ல..."

மேலே போகவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள்கூட உறிஞ்சுவதை நிறுத்திவிட்டார்கள். ஸாவ் பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தாள். ஒரு கரண்டிச் சாற்றில் நாலு சொட்டு விட்டாள். நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். அந்தத் தோரணை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது ஹோவானுக்கு.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா கொஞ்சம் சர்க்கரை போடணும். எங்க ஊர்ல போடாம இறக்க மாட்டோம்."

இங்கே ஹோவான் தலையைத் தடவிக்கொண்டு, தப்பித்தோம் என்று சும்மா இருந்திருக்க வேண்டும். இருந்தாரா? அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எங்க வீட்டுல ரெண்டு கிண்ணம் சாப்பிட்டீங்களே, அதுல சர்க்கரையே கிடையாது."

ஸாவ் அடுப்பைப் பார்த்தாள். ஹாவ்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இருந்துச்சு சம்பந்தி. இவ கைப்பையில பொட்டலம் கட்டிக் கொண்டு வந்திருந்தா. உங்க வீட்டம்மா தண்ணி எடுக்க உள்ள போனப்போ போட்டுக்கிட்டா. எனக்கும் போட்டா."

முதலில் சிரித்தவள் துயெத். அப்புறம் ஸாவ். அப்புறம் சந்து முழுக்க. ஹோவான் மட்டும், தெரு முழுக்கச் சொல்லித் திரிந்த கதையை இனி என்ன செய்வது என்று யோசித்தபடி, ஆறிப்போன சாற்றைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். மறுநாள் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் புளிப்பும் வேண்டியிருக்கவில்லை, இனிப்பும் வேண்டியிருக்கவில்லை. கல்யாணம் நிச்சயமானதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

ஹோவானைப் பார்த்துச் சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அடுத்த தடவை வெளியூர் கிளம்பும்போது மட்டும், பெட்டியை மூடுவதற்கு முன்னால் துணிகளுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். பாலிதீன் பையில் போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கி, அதற்கு மேல் பழைய துண்டைச் சுற்றி, அப்படியும் ஓரத்தில் எண்ணெய் கசிந்திருக்கிறதே, அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது? யாராவது கேட்டால் மருந்து என்று சொல்லிவிடாதீர்கள்.