வெல்டர்வெயிட்டில் ஒரு கால்

மனித குலம் இதுவரை கண்டெடுத்த நீதிகளிலேயே அப்பழுக்கில்லாதது குத்துச்சண்டையின் வெல்டர்வெயிட் பிரிவுதான். சொத்து, படிப்பு, செல்வாக்கு, மாமனார் வீட்டு வசதி எதையும் அது கேட்பதில்லை. அறுபத்துமூன்று கிலோவுக்கு மேல் இருக்கிறாயா, அறுபத்தேழைத் தாண்டாமல் இருக்கிறாயா, உள்ளே வா, அவ்வளவுதான். சமத்துவத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் நிறைய உண்டு. அதை மெஷினில் ஏற்றி நிறுத்துக் கொடுப்பவர்கள் குத்துச்சண்டைச் சங்கத்தார் மட்டுமே.

இந்த நீதியின் நிழலில் பல வருடமாகச் சுகமாக வாழ்ந்துவந்தவன் பூட்டு. கடைகளின் இரும்பு ஷட்டர்களைப் பழுது பார்ப்பது அவன் பிழைப்பு. ரிங்கில் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டால் திறக்க ஆள் கிடையாது. அதனால் வந்த பெயர். எடை அறுபத்தாறு கிலோ. விருந்துக்குப் போய் வந்தாலும் அறுபத்தாறு, காய்ச்சலில் படுத்து எழுந்தாலும் அறுபத்தாறு. "வெல்டர்வெயிட்டுக்குன்னே உங்கம்மா அளவெடுத்துப் பெத்திருக்காங்கடா" என்பார் அவனுக்குப் பயிற்சி தரும் மாஸ்டர். தேசிய அணிக்கான தேர்வு அடுத்த மாதம். அடுத்த வருடம் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இந்த முறை விட்டால் ஆயுசுக்கும் ஷட்டர்தான்.

அந்தச் சமயத்தில்தான் சங்கத்துக்குப் புதிய தலைவர் வந்து சேர்ந்தார். முந்தைய தலைவர்கள் மாலை வாங்கிக்கொள்ள மட்டும் வருவார்கள். இவர் அப்படியல்ல, வீரர்களோடு தோளோடு தோள் நிற்பவர். எடை பார்க்கும் ஒவ்வொரு முறையும் வீரனின் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வார். தோளோடு தோள் நிற்க வேண்டுமானால் நெருங்கித்தான் ஆகவேண்டும். நெருங்கினால் அவருடைய வலது ஷூ எடை மெஷினின் மேல்தான் வந்து உட்காரும். அது அவர் குற்றமில்லை. மெஷினைச் செய்தவன் தலைவர்களுக்கென்று இடம் ஒதுக்க மறந்துவிட்டான்.

பூட்டு ஏறி நின்றான். தலைவர் புன்னகைத்தார். கேமரா மின்னியது. எழுபது கிலோ நூறு கிராம்.

பூட்டு எண்ணைப் பார்த்தான், பளபளவென்று மின்னிய ஷூவைப் பார்த்தான், மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் கூரையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் கேட்டான். "மாஸ்டர், பாத்தீங்களா?"

"பாக்கல. நீயும் பாக்கல."

"கால் மெஷின் மேல இருக்கு மாஸ்டர்!"

"மெதுவா பேசு. போன மாசம் இதே மெஷினைப் பாத்துக்கிட்டிருந்தவர் 'சார், காலைக் கொஞ்சம் எடுத்துக்கறீங்களா'ன்னு கேட்டாரு. இப்ப எங்க இருக்காரு தெரியுமா? சதுரங்கச் சங்கத்துல, காய்க்குத் தூசி தட்டிக்கிட்டிருக்காரு."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

மாஸ்டர் நாற்பது வருட அனுபவத்தைத் திரட்டி யோசித்தார். "நீயே கொறைஞ்சிடு" என்றார்.

சங்கம் கைகட்டிக்கொண்டிருக்கவில்லை. 'எடைக் குறைப்பு உயர்மட்ட ஆலோசனைக் கூட்டம்' ஒன்றை உடனே கூட்டியது. கேக், முந்திரி, ஆளுக்கு இரண்டு பஃப்ஸ். பூட்டு வாசலருகே நிறுத்தப்பட்டான். அவன் கண்ணில் கேக் படக்கூடாது என்ற கருணையினால் தட்டுக்கு முன்னால் ஒரு கோப்பையும் வைத்தார்கள், வெற்றிக் கோப்பை.

"முடியை மழிச்சா எவ்வளவு கொறையும் டாக்டர்?" என்றார் செயலாளர், வாயில் பஃப்ஸோடு.

"நூறு கிராம். துப்பிக்கிட்டே இருந்தா இன்னும் கொஞ்சம்."

"அழுதா?"

டாக்டர் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டார். "நல்லா மனசு விட்டு அழணும்."

"தம்பி, உங்க வீட்டுல சமீபத்துல ஏதாவது துக்கம்?" என்று பரிவோடு விசாரித்தார் செயலாளர்.

"இதுவரைக்கும் இல்லீங்க" என்றான் பூட்டு.

தலைவர் கடைசியாகப் பேசினார். "வெற்றிக்குத் தடையா இருக்கிறது எதுவோ, அதை நம்மகிட்டேருந்து நாமளே இறக்கி வைக்கணும்." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. கைதட்டியவர்களில் ஒருவர்கூடக் கீழே பார்க்கவில்லை.

பூட்டு இறக்கி வைத்தான். முதலில் சோற்றை, அப்புறம் தண்ணீரை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடினான். ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டுத் தோளில் தாங்கிக்கொண்டு மூச்சு வாங்கினான். அவன் முன்னால் சாப்பிட மனம் வராமல் அக்கா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள்.

"என்னடா இது, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. அந்த ஆளைக் காலை எடுக்கச் சொல்ல அங்க ஒருத்தருக்கும் வாயில்லையா?"

"வாயிருக்குக்கா. வேலையும் இருக்குல்ல."

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் எடை குறைந்து யாருக்கு என்ன பயன்?

தேர்வு நாளன்று காலை பூட்டு மொட்டைத் தலையும் வறண்ட உதடுமாக மெஷினில் ஏறினான். தலைவர் வழக்கம்போல் தோளோடு தோள் நின்றார். மெஷின் யோசித்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

அறுபத்தேழு. அச்சுப் பிசகாமல் அறுபத்தேழு.

அறை அதிர்ந்தது. செயலாளர் டாக்டரைக் கட்டிக்கொண்டார். தலைவருக்கே உணர்ச்சி பொங்கிவிட்டது. நன்றாகக் கைதட்ட வேண்டுமென்று ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

அறுபத்திரண்டு கிலோ, தொள்ளாயிரம் கிராம்.

கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது.

"என்னய்யா ஆச்சு?" என்றார் தலைவர்.

செயலாளருக்கு வியர்த்தது, அந்த அறையில் வியர்க்க உடம்பில் தண்ணீர் உள்ளவர்கள் நிறைய பேர் இருந்தார்கள். "சார்... அறுபத்துமூணுக்குக் கீழ போனா வெல்டர்வெயிட் இல்ல சார். கீழ்ப் பிரிவுக்கு நேத்தே தேர்வு முடிஞ்சுபோச்சு. இப்ப இவரு எந்தப் பிரிவுலயும் இல்ல."

"ஏன் திடீர்னு இவ்வளவு கொறைஞ்சான்?"

மாஸ்டர் மறுபடியும் மின்விசிறியைத் தேடிப் போனார். தலைவர் மெல்லக் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்தில் நன்றாகவே தெரிந்தது. ஒரு பெரிய மனிதர் தன் தவற்றை உணரும் அபூர்வமான கணம் அது. உணர்ந்தவர் உடனே திருத்திக்கொண்டார்: காலைத் தூக்கி மறுபடியும் மெஷின்மேல் வைத்தார்.

அறுபத்தேழு.

"எழுதிக்குங்க. இதுல என்ன சிக்கல்?"

செயலாளர் எழுதிக்கொண்டார். பூட்டு ஒட்டிக்கொண்ட நாக்கைப் பிரித்துக்கொண்டு, மரியாதையாகவே கேட்டான். "சார், அப்ப ரிங்குக்குள்ளயும் உங்க கால் வருங்களா?"

நல்ல நகைச்சுவை என்று எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டுக்கே பூட்டு ஒரு எட்டு முன்னால் போய் நின்றான்.

மாலையில் மணி அடித்தது. எதிராளி வெளியூர்க்காரன். அவன் ஊர்ச் சங்கத்தில் தலைவருக்குப் புகைப்படம் என்றால் ஆகாதாம். அதனால் அறுபத்தேழு கிலோவும் அவன் உடம்பிலேயே இருந்தது. பூட்டு இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தான். முதல் சுற்று முழுக்கப் பூட்டு திறக்கவில்லை. இரண்டாவது சுற்றில் கைகள் தாமாகவே இறங்கின. கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்பவனைப் போல மாஸ்டர் இருந்த மூலையைப் பார்த்தான். அந்த நேரத்தில் தாடையில் விழுந்தது அடி. அக்கா எழுந்து நின்று கத்தியது அவன் காதில் விழுந்திருக்காது.

நடுவர் எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று...

"இந்தக் காலத்துப் பசங்ககிட்ட வெயிட்டே இல்லய்யா" என்று செயலாளரிடம் அலுத்துக்கொண்டார் தலைவர்.

அவர் சொன்னது உண்மைதான். நம் வெல்டர்வெயிட்டில் மீதி நான்கு கிலோ நூறு கிராம், முன்வரிசை சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. அதன்மேல் ஒரு அடிகூட விழவில்லை.